மானத்தின் விலை

ராத்திரிச் சாப்பாடு முடிந்து, கணவனும் மனைவியும் சாவகாசமாக உட்கார்ந்து, "உன் பிறந்த வீட்டுச் சீர் உசத்தியா, எங்கள் வீட்டுச் சொத்து உசத்தியா?" என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில், மிஞ்சிப் போனால் இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்று போகும். மூன்றாம் நாள், "அப்பாவைக் காப்பி சாப்பிட வரச் சொல்லடி!" என்று பெண்ணைத் தூது விடுவதோடு சமாதானம் ஆகிவிடும்.

அயர்லாந்து தேசத்துப் பழங்கதை ஒன்றில் இந்தக் கணக்கு பெரிய யுத்தத்தில் போய் முடிந்தது. பல நூற்றாண்டு காலம் வாய்மொழியாக வழங்கிப் பிறகு ஏட்டில் ஏறிய கதை அது. இன்று கிடைக்கும் பிரதிகளில் மிகப் பழையது ஏறக்குறைய கி.பி. 1100-ஐச் சேர்ந்தது.

மேவ் என்பவள் கொனாட் நாட்டு ராணி. அவள் கணவன் ஐலில். ஒரு நாள் படுக்கையில் சாய்ந்தபடியே இருவருக்கும் சொத்துப் பேச்சு மூண்டது. பானை சட்டி, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி எல்லாவற்றையும் கொண்டு வந்து எண்ணினார்கள். எல்லாம் சரிக்குச் சரி. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. வெள்ளைக் கொம்புக் காளை ஒன்று ஐலிலின் மந்தையில் நின்றது. அது பிறந்தது என்னவோ மேவின் மந்தையில்தான். "ஒரு பெண்பிள்ளையின் சொத்தாக நான் இருப்பதா?" என்று அந்தக் காளை ரோஷப்பட்டு அந்தப் பக்கம் போய்விட்டதாம்! மேவுக்குப் பொறுக்கவில்லை. அதற்கு இணையான காளை பக்கத்து அல்ஸ்டர் நாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டாள். படை திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அல்ஸ்டர் வீரர்கள் எழுந்து வந்து தடுத்திருக்க வேண்டாமா? அவர்களால் முடியவில்லை. முன்பு ஒரு சமயம், மாஹா என்ற நிறை கர்ப்பிணியை, "ராஜாவின் குதிரைகளோடு ஓடு பார்க்கலாம்" என்று கட்டாயப்படுத்தி ஓட வைத்தார்கள். அவள் ஓடி ஜெயித்தாள். ஓட்டத்தின் எல்லையிலேயே பிரசவமும் ஆயிற்று. "உங்களுக்கு ஆபத்து வரும் வேளையில் உங்கள் ஆண்களுக்கெல்லாம் என் பிரசவ வேதனை வரட்டும்!" என்று சபித்தாள். அந்தச் சாபம் இப்போது பலித்தது. நாடு பூராவும் ஆண்பிள்ளைகள் படுத்துப் புரண்டார்கள்!

சாபம் தீண்டாதவன் ஒருவன்தான்: கூக்குலின் என்ற பதினேழு வயதுப் பிள்ளை. ஆற்றுத் துறையில் தன்னந்தனியாக நின்றுகொண்டு, "ஒரு நாளைக்கு ஒருவன் வரட்டும்" என்றான். மேவும் ஒப்புக்கொண்டாள். தினம் ஒருவனாக வந்து தினம் ஒருவனாக மடிந்தார்கள்.

கடைசியில் மேவ் தேடிப் பிடித்த ஆள் பெர்டியா. அவனும் கூக்குலினும் ஸ்காத்தா என்ற வீராங்கனையிடம் ஒன்றாக வித்தை கற்றவர்கள். உடன் பிறக்காத சகோதரர்கள். "அவனோடா? மாட்டேன்" என்றான் பெர்டியா. மேவ் தன் பெண்ணைக் கொடுப்பதாகச் சொன்னாள். பிறகு கவிகளை ஏவினாள். வசை பாடுகிற கவிகள்! அவர்கள் பாடினால் முகத்தில் மூன்று கொப்புளங்கள் கிளம்புமாம். அவற்றுக்குப் பெயர் வெட்கம், களங்கம், அவமானம். வேலுக்கு அஞ்சாத பெர்டியா சொல்லுக்கு அஞ்சினான், துறைக்குப் போனான்.

முதல் இரண்டு நாளும் பகலெல்லாம் சண்டை. இருட்டியதும் ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கட்டித் தழுவிக்கொள்வார்கள். கூக்குலின் பச்சிலை மருந்தில் பாதியை அனுப்புவான். பெர்டியா சாப்பாட்டில் பாதியை அனுப்புவான். இருவர் குதிரைகளும் ஒரே கொட்டிலில் நின்றன. மூன்றாம் நாள் மாலை அது நின்றுவிட்டது. நான்காம் நாள் பெர்டியா மாண்டான். கூக்குலின் அவனைத் தூக்கிக்கொண்டு தன் கரைக்கு வந்தான். மடியில் போட்டுக்கொண்டு புலம்பினான். அயர்லாந்தில் அந்த ஊரின் பெயருக்கு இன்றும் "பெர்டியாவின் துறை" என்பதுதான் பொருள்.

சொல்லுங்கள், சகோதரிகளே: பெர்டியாவைக் கொன்றது யார்? கூக்குலினின் ஈட்டியா, கவிகளின் நாக்கா?

வெட்சியும் கரந்தையும்

எங்கேயோ கடல் கடந்த கதை என்று பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். காளைக்காகப் போர், தனியாள் சண்டை, மானத்துக்காக உயிர், புலவர் சொல்லுக்கு நடுக்கம் எல்லாமே நம் பக்கத்திலும் இருந்தன.

உழவர்கரை என்று பெயரிலேயே உழவரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு மாட்டின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் "மாடு" என்றாலே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. பகைவன் ஊர் மாட்டை ஓட்டி வருவதே அக்காலத்தில் போருக்குப் பிள்ளையார் சுழி. ஓட்டி வரப் போகிறவன் வெட்சிப் பூச் சூடுவான். மீட்கப் போகிறவன் கரந்தை சூடுவான். வலிமையைக் காட்டுவதற்காகவே எதிர் நின்று பொருகிறபோது தும்பை, ஜெயித்தால் வாகை. தலையில் இருக்கும் பூவைப் பார்த்தே என்ன காரியமாகப் போகிறான் என்று பெண்கள் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

மாட்டை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆநிரைச் சண்டையில் மாண்ட ஒருவனுக்காக நட்டது. அதன் எழுத்து தமிழ் பிராமி. கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்பது அறிஞர்களின் கணிப்பு. நமக்குப் பக்கத்திலேயே, திருவண்ணாமலைச் சீமையில், செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். தமிழக அரசின் தொல்பொருள் துறை 1972-இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது.

அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று மனத்தை உருக்கும். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாண்டுபோனான். கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டு எஜமானனைக் காத்து நின்றதாம். நாய்க்கும் பெயர் எழுதி வைத்தார்கள்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். உழவர்கரையிலிருந்து ரெட்டியார்பாளையம் வழியாக மேற்கே போகிற சாலை விழுப்புரம் சாலை. அந்த விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் கோழிக்கு ஒரு கல் உண்டு. வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சேவலின் உருவம். பக்கத்தில் முகையூர் மேற்சேரிக் கோழி என்று பழைய எழுத்து. வயது சுமார் ஆயிரத்தைந்நூறு. ஒரு சேரியின் மானம் முழுவதையும் தன் காலில் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கிய சேவல் அது. ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு நம் முன்னோர் கொடுத்த மதிப்பு மனிதரோடு நிற்கவில்லை.

பனை மரத்தடியில் ஒருத்தி

புறநானூற்றில் ஒரு மல்யுத்தம் வருகிறது. அதைப் பாடியவர்களில் ஒருத்தி பெண் என்பதுதான் விசேஷம்.

உறையூரை ஆண்ட தித்தன் என்ற சோழனின் மகன் பெருநற்கிள்ளி. தகப்பனோடு மனஸ்தாபம், வீட்டை விட்டுப் போய்விட்டான். அந்நிய ஊரான ஆமூரில் பேர் பெற்ற மல்லன் ஒருவன் இருந்தான். அவனோடு கிள்ளி களத்தில் இறங்கினான். ஒரு காலை மார்பில் ஊன்றி, மறு காலால் தந்திரத்தை முறித்து, யானை மூங்கிலை வளைத்து ஒடிப்பதைப் போல மல்லனைத் தலையும் காலும் முறிய அடித்தான். "இதை அவன் தகப்பன் பார்க்க வேண்டுமே!" என்று ஏங்கினார் சாத்தந்தையார் என்ற புலவர். பெற்றவன் கண்ணில் படாத வெற்றி வெற்றியா என்பது அவர் கவலை.

நக்கண்ணையார் என்ற பெண்ணின் கவலை வேறு. பெருங்கோழி நாய்கன் மகள் அவள். அவனிடம் மனத்தைப் பறிகொடுத்துவிட்டாள். வாய் விட்டுச் சொன்னால் அம்மாவுக்குப் பயம். சொல்லாமல் ஓடிப் போய்த் தழுவினால் சபைக்கு வெட்கம். கை வளையோ மெலிந்து கழல்கிறது. கடைசியில் சண்டை நாள் வந்தது. அவன் வெளியூரான், அதனால் "ஜெயித்துவிட்டான்" என்று ஒரு சாரார் கத்துகிறார்கள். "இல்லை, இல்லை" என்று மற்றொரு சாரார். அவளால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கால் சிலம்பு கலீர் கலீரென ஓடினாள். வீட்டருகே இருந்த பருத்த பனையின் மேல் சாய்ந்து நின்றாள். தன் கண்ணாலேயே பார்த்தாள். ஜெயித்தது அவன்தான்!

நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். அவள் அதை நம்பி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதுகுப் புண்

மார்பில் புண் பட்டால் அது ஆபரணம். முதுகில் பட்டால் தீராத பழி. இதை அளந்து பார்த்தவர்கள் யார் தெரியுமா? பெண்கள்.

நரம்பு தெரியும் மெலிந்த தோளுடைய கிழவி ஒருத்தி. அவள் மகன் களத்தில் முதுகு காட்டினான் என்று பலர் வந்து சொன்னார்கள். "அப்படியானால் அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்து எறிவேன்!" என்று வாளும் கையுமாகப் புறப்பட்டாள். ரத்தக் களத்தில் கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அதோ, மகன் சின்னாபின்னமாகக் கிடக்கிறான். அவனைப் பெற்ற நாளில் அடைந்ததைவிட அதிக மகிழ்ச்சி அடைந்தாளாம். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார், பெண் புலவர்.

மற்றொருத்தி வீட்டில் முந்தாநாள் போரில் பிறந்த வீட்டு ஆண்மகன் யானையை வீழ்த்தித் தானும் விழுந்தான். நேற்று மாட்டு மந்தையை மீட்கப் போன கணவன் திரும்பவில்லை. இன்றும் பறை ஒலிக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே பிள்ளை. தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டி உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து "போ" என்றாள். இதைச் சொன்னவர் ஒக்கூர் மாசாத்தியார், அவரும் பெண்தான்.

படிக்கிறபோது மயிர்க்கூச்செறிகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்த கை நடுங்கியிருக்காதா? நடுங்கியதைப் புலவர் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் தேய்க்கிற நமக்கு அது தெரியாமல் போகுமா?

வெண்ணிக் குயத்தியாரின் தராசு இன்னும் நுட்பமானது. இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணிதான் பழைய வெண்ணி. அங்கே கரிகால் சோழனும் சேரமான் பெருஞ்சேரலாதனும் மோதினார்கள். கரிகாலன் சேரனின் மார்பைக் குறித்து எறிந்த ஆயுதம் முதுகையும் புண்ணாக்கிவிட்டது. சேரன் ஓடவில்லை, ஒளியவில்லை. ஆனாலும் முதுகில் புண் புண்தானே? நாணி, வாளோடு வடக்கு நோக்கி உட்கார்ந்து, உண்ணாமல் உயிர் விட்டான். சான்றோர் பலர் அந்தச் செய்தி கேட்டுத் தாங்களும் உயிர் விட்டதாக அகநானூறு சொல்கிறது.

ஊரெல்லாம் கரிகாலனைக் கொண்டாடிய வேளையில், குயவர் குலத்தவள் என்று பெயரிலேயே தெரிகிற அந்தப் பெண், ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்டாள்: நீ வென்றாய், சரி, வடக்கிருந்து புகழ் கொண்டவன் உன்னைவிட நல்லவன் அல்லவா? இப்படிக் கேட்டவளை ராஜா ஒன்றும் செய்யவில்லை. அவள் பாட்டு இரண்டாயிரம் வருஷம் தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது.

ரசீது யார் பேரில்?

வீரம் போதும்; வரவு செலவைப் பார்ப்போம். குடும்பம் நடத்துகிறவர்கள் நாம். கணக்குப் பார்க்காமல் விடலாமா?

சேரன் நெடுஞ்சேரலாதனும் சோழன் பெருவிறற்கிள்ளியும் மோதினார்கள். இருவருமே களத்தில் செத்துப்போனார்கள். ஜெயித்தது யார்? யாரும் இல்லை. அவர்கள் மனைவிமார் கைம்மை நோன்பை ஏற்காமல், கணவர் மார்பைத் தழுவியபடி தாங்களும் மாண்டதாகக் கழாத்தலையார் பாடினார்.

கைம்மை நோன்பு என்றால் என்ன? பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு அதைச் சமையலறைக் கணக்காகவே சொல்லியிருக்கிறாள். நெய் கிடையாது. இலையில் பிழிந்து வைத்த பழஞ்சோற்று உருண்டை, எள்ளுத் துவையல், புளி விட்டு வெந்த வேளைக் கீரை. படுக்கை பருக்கைக் கற்கள், பாய்கூட இல்லை. பூதப்பாண்டியன் ஒரு சமயம் சபதம் செய்தபோது, "பகைவரை வெல்லாவிட்டால் இவளைப் பிரிந்தவன் ஆவேன்" என்றான். அவன் மாண்டபோது, தடுத்த சான்றோரை உதறிவிட்டு அவள் சிதையில் ஏறினாள். தீயும் தாமரைக் குளமும் தனக்கு ஒன்றே என்றாள். சபதம் அவன் செய்தது. ரசீது அவள் பேரில் வந்தது.

சங்க காலத்தோடு இது தீர்ந்ததா? நமக்கு வடமேற்கே இருக்கும் செஞ்சியைக் கேளுங்கள். 1714-இல், இருபது வயதை ஒட்டிய தேசிங்குராஜன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்தான். கையில் சில நூறு பேர். எதிரே ஆயிரக்கணக்கில் சேனை. தோழன் மோவுத்துக்கான் கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து கூட நின்று மாண்டான் என்கிறது கதைப்பாடல். அவன் முஸ்லிம், இவன் ராஜபுத்திரன். சிநேகம் அதைப் பார்க்கவில்லை. தேசிங்கு குண்டு பட்டு மாண்டான் என்பது சரித்திரம். கதைப்பாடலோ அதற்கு ஒப்பவில்லை: அவன் தன் வாளைத் தானே வானில் வீசி மார்பில் ஏற்றுக்கொண்டானாம். எதிரியின் கையால் அவன் சாவதை ஜனங்கள் சகிக்கவில்லை! அவன் இளம் மனைவி சிதை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். ரசீது மறுபடியும் யார் பேரில், பார்த்தீர்களா?

குறுக்கே வந்த புலவர்

ஆற்றுத் துறையில் நடந்ததைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அங்கே கவிகள் வசையைக் காட்டி ஒரு நண்பனைச் சண்டைக்குத் தள்ளினார்கள். புலவர் நாக்குக்கு நம் ராஜாக்களும் நடுங்கியவர்கள்தான். "பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும்" என்று சபதம் செய்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். படை போவதைவிடப் பாட்டு போவது அவனுக்குப் பெரிய நஷ்டம்!

அந்த நாக்கை வேறு விதமாக உபயோகித்தவர் கோவூர் கிழார். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இருவரும் சோழர், ஒரே குடி. ஒருவன் உறையூரை முற்றுகையிட்டான், மற்றவன் உள்ளே இருந்தான். கோவூர் கிழார் நடுவில் போய் நின்றார். எதிரே நிற்பவன் தலையில் பனம்பூவும் இல்லை, வேப்பம்பூவும் இல்லை. இருவர் கண்ணியும் ஆத்திதான் என்றார். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் ஜெயிப்பது என்பது உலகத்தில் கிடையாது. பகைவர் பார்த்துச் சிரிக்கத்தான் இது உதவும் என்றார்.

திருக்கோவலூர் மலையமானின் குழந்தைகளைக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடறப் பிடித்து வைத்தபோதும் அவர்தான் குறுக்கே வந்தார். பாருங்கள், இந்தக் குழந்தைகள் யானையைக் கண்டு அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கின்றன. கூட்டத்தைக் கண்டுதான் மிரளுகின்றன என்றார். பகைவன் பிள்ளைகள் என்பதை மறந்து, பிள்ளைகள் என்பதை மட்டும் பார்க்கச் சொன்னார்.

இந்தப் பழைய மானத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. பசு, பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் இவர்களெல்லாம் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப் போகிறோம் என்று முன்னதாகச் சொல்லிவிட்டுப் போர் தொடுத்தானாம் முதுகுடுமிப் பெருவழுதி. தோற்று ஓடுகிறவன் மேல் வாளை ஓங்காமல் இருப்பதற்குத் "தழிஞ்சி" என்று ஒரு பெயரே வைத்தது புறப்பொருள் வெண்பாமாலை. சமமானவன் எதிரே நிற்க வேண்டும். கையில் ஆயுதம் இருக்க வேண்டும். பணயம் தன் உயிராக இருக்க வேண்டும். அப்போதுதான் அது மானம்.

இன்று நம் காலத்தில், பிடித்தவனைக் கலியாணம் செய்துகொண்டாள் என்பதற்காகப் பெற்ற பெண்ணையே கொல்கிறார்கள். கேட்டால் "குடும்ப மானம்" என்கிறார்கள். ஆயுதம் இல்லாதவளை, பலர் சேர்ந்து, வீட்டுக்குள் வைத்து! கூக்குலினும் பெருஞ்சேரலாதனும் கேட்டால் வெட்கத்தால் தலை குனிவார்கள். அவர்கள் மானத்துக்காகக் கொடுத்தது தங்கள் உயிரை. அந்தப் பழைய கணக்குப்படி பார்த்தால் இது முதுகுப் புண்ணைவிடக் கேவலம்.

இத்தகைய காரியங்களுக்கு ஆரம்பம் எங்கே? பெரும்பாலும் யாரோ கொண்டு வந்து போடுகிற ஒரு வார்த்தையில். "ஊரே சிரிக்கிறது", "உனக்கு ரோஷம் இல்லையா?", "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" பெர்டியாவின் முகத்தில் கிளம்பவிருந்த அந்த மூன்று கொப்புளங்கள்தாம் இவை. குழாயடியிலும் கலியாண வீட்டிலும் இந்த வார்த்தைகள் நம் காதில் விழாத நாள் இல்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த வார்த்தை வந்து விழுந்தால், சகோதரிகளே, முதலில் நக்கண்ணையைப் போல எழுந்து போய் உண்மை என்னவென்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிறகு கோவூர் கிழாரைப் போல நடுவில் வந்து நில்லுங்கள். எதிரே நிற்பதும் நம் வீட்டு ஆத்திப் பூதான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கோபம் ஆறும் வரையில் காப்பியைக் கொஞ்சம் தாமதமாகவே கலக்கலாம், தப்பில்லை.